கூட ஏறுங்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். பணி ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. எதிலும் மனம் ஒட்டவில்லை. பூக்களுக்கு நடுவே இருந்தால் மகிழ்ச்சி வரும் என்று தோன்றுகிறது. ஏற்காட்டில் 5 சென்ட் வாங்கித் தோட்டம் போடலாமா? வீட்டில் நிம்மதி இல்லை. 82 வயது அம்மா, முழங்கால் வலியோடு தினமும் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு 18 படி ஏறி மாடியில் மல்லிக்கும் நந்தியாவட்டைக்கும் ஊற்றுகிறார். ஏறாதே என்றால் கேட்பதில்லை, பிடிவாதம்.
- ஒரு வாசகர், சேலம்

பதில்: படியை எண்ணியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அம்மா ஏறுவதைக் கீழே நின்று பார்த்திருக்கிறீர்கள். ஒரு நாளாவது அந்தச் செம்பைக் கையிலிருந்து வாங்கினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஏற்காடு எனக்கும் பிடித்த ஊர். கோடை மழை பெய்து பத்து நாள் போல ஆனதும் காபிச் செடி கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். கிட்டத்தட்ட மல்லி வாசனை. சில நாளில் வாடிவிடும். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறவருக்குத் தோட்டம் தங்காது. ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால் உண்ணிச்செடி மண்டிவிடும். செடிக்குத் தினமும் வந்து பார்க்கிற ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா ஒருவர்தான்.

சேலத்துச் சித்திரை வெயிலில் மாடித் தொட்டி மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். அதனால்தான் அவர் ஒரு நாளும் விடுவதில்லை. அதைப் போய்ப் பிடிவாதம் என்கிறீர்களே! பெற்றவளை ஏறாதே என்று அதட்டிவிட்டால் பிள்ளையின் கடமை முடிந்ததா? கூட ஏற வேண்டாமா? ஓய்வு பெற்ற மகனுக்குக் காலை ஆறு மணிக்கு வேறு என்ன வேலை?

நிலத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் படிக்கட்டுக்குக் கைப்பிடி போடுங்கள். மாடியில் ஒரு தண்ணீர்க் குழாய் வையுங்கள், அவர் வெறுங்கையோடு ஏறட்டும். அப்புறம், குண்டுமல்லியைக் கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனி வாக்கில் நன்றாக மொட்டு விடும். எங்கே நறுக்குவது என்று அம்மா காட்டட்டும், கத்தரிக்கோல் உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்த கோடை மழைக்குப் பிறகு அவரையும் காரில் உட்காரவைத்து ஏற்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். காபிப் பூவை இதுவரை பார்த்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.