சமைத்தவரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்: நண்பர்கள் விருந்து பற்றிய கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து சிலர், நண்பர்களுக்குள் சாப்பாடு போட்டுக்கொள்வதில் வரும் சங்கடங்களைக் கேட்டிருந்தார்கள். கல்யாண வீடுகளுக்கும் காதுகுத்துக்கும் பல வருடமாகச் சமைத்து வருகிறேன். என் சொந்தத் தோழிகளுக்கும் விடாமல் சமைக்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை: அக்கா, நாங்கள் ஐந்து தோழிகள். மாதம் ஒருமுறை ஒருத்தி வீட்டில் சாப்பாடு. முதலில் தக்காளி சாதம், தயிர் சாதம் என்றுதான் இருந்தது. போன மாதம் ஒருத்தி 11 வகை செய்துவிட்டாள். அடுத்தது என் முறை. நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

தங்கச்சி, களி கிண்டு.

அந்த 11 வகை செய்த பெண் அன்று உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாளா என்று யோசித்துப் பார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்திருப்பாள். விருந்துக்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான். சமைத்தவர் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட முடிகிறதா? முடியவில்லை என்றால் வகை கூடிப்போச்சு என்று அர்த்தம்.

களியை எதற்குச் சொல்கிறேன் என்றால், அது ஆறக் கூடாது. உருண்டை பிடித்த கையோடு எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும். ஒருத்தியே தனியாகக் கிண்டவும் முடியாது. அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவை நடுவில் மலை மாதிரி கொட்டி, கிளறாமல் மூடி, தீயைக் குறைத்துவிடு. ஏழெட்டு நிமிடத்தில் மாவுக்குள் ஆவி ஏறிவிடும். அப்புறம் ஒருத்தி துணி சுற்றிப் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தி துடுப்பைப் போட்டு அடி ஒட்டாமல் கிண்ட வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கை வலித்தால் ஆள் மாறிக்கொள்ளுங்கள். அங்கேயே உங்கள் விருந்து தொடங்கிவிடும்.

தொட்டுக்கொள்ளக் கொள்ளு கடைசல், ஒரு கீரை. அவ்வளவுதான். முந்தைய நாளே போன் செய்து, "எங்க வீட்ல நாளைக்குக் களியும் கொள்ளும்தான், கீரை ஆயறதுக்குச் சீக்கிரம் வந்துடுங்க" என்று சொல்லிவிடு. இலை போட்ட பிறகு சொன்னால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி: நாலு பேர் சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு வாரம் பிரியாணி. சாப்பிட்டதும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வாட்ஸ்அப்பில் போடுவோம். எப்போதும் கடைசியாக வருபவன் இப்போதெல்லாம் ஞாயிறு காலையிலேயே வெளியே போய்விடுகிறான்.

மார்க் போடுவதை இந்த வாரமே நிறுத்துங்கள். மார்க் போடப் போகிறோம் என்று தெரிந்தாலே முதல் வாயிலேயே நாக்கு குற்றம் தேட ஆரம்பித்துவிடும். பசியோடு உட்கார்ந்தவன் பரீட்சைத் தாள் திருத்துகிறவனாகிவிடுவான்.

அந்தப் பையனிடம் போய், "உன் பிரியாணியும் நல்லாத்தான்டா இருக்கு" என்று சமாதானம் சொல்லாதீர்கள், அவனுக்குத் தெரியும். "இந்த வாரம் நீ வெங்காயம் வதக்கு, நான் தம் போடறேன்" என்று கூப்பிடுங்கள். ஒரே அண்டாவில் இரண்டு பேர் கை பட்டுவிட்டால் யாருக்கு மார்க் போடுவது? பக்கத்தில் நின்றால் அவன் எங்கே தவறுகிறான் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். அரை மணி நேரம் ஊறிய சீரகச் சம்பா ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் போதும். தயிரும் தக்காளியும் விடும் தண்ணீரும் அந்தக் கணக்கில் அடக்கம். அதை மறந்தால் குழைந்துவிடும்.

பாராட்ட வேண்டும் என்றால் எது நன்றாக இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். "கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு" என்றால் போதும். "போன வாரத்தைவிட" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: எங்கள் வீட்டில் விருந்து என்றால் ஒரு தோழி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய டப்பா நிறைய மட்டன் சுக்கா கொண்டுவந்துவிடுகிறார். எல்லோரும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். நான் செய்தது மிஞ்சிவிடுகிறது.

வெறும் கையோடு வர அவருக்கு மனசு வரவில்லை. "எதுவும் வேண்டாம், சும்மா வாங்க" என்று நீங்கள் சொல்வதால்தான் அவர் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறார். இன்னதைக் கொண்டு வாங்க என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தயிர், வாழையிலை, வெற்றிலை பாக்கு, எதுவானாலும் சரி. சுக்கா உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தால், அடுத்த முறை சுக்கா அவருடையது, ரசமும் சோறும் உங்களுடையது என்று பேசிக்கொள்ளுங்கள். மிஞ்சாது.

அரூரிலிருந்து ஒரு சகோதரர்: நண்பர்கள் ஆறு குடும்பம். ஒருவருக்குக் கூலி வேலை. மற்ற வீடுகளில் மட்டன், சிக்கன் இல்லாமல் விருந்து இல்லை. அவர் முறை வரும்போது கடன் வாங்கிச் செய்கிறார் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. நேரடியாகச் சொன்னால் மனம் நோகுமோ என்று தயங்குகிறோம்.

இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து மனசு கனமாகவே இருக்கிறது. இதை அவரிடம் பேசாதீர்கள். மற்ற ஐந்து பேரும் பேசி, உங்கள் பக்கம் குறையுங்கள். அடுத்த முறை வரும் வீட்டில், அது வசதியான வீடாகவே இருக்கட்டும், புளிச்சக்கீரையும் மொச்சைக் குழம்பும் வைக்கட்டும். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. அவர் முறை வரும்போது அவர் என்ன வைத்தாலும் உங்கள் வரிசையில் அதுவும் ஒன்றாகிவிடும். குறைக்க வேண்டியது எப்போதும் கையில் காசு இருப்பவர்தான். இல்லாதவர் குறைத்தால் அது அவருக்கு அவமானமாகத் தெரியும்.

கறி வேண்டும் என்று ஆசைப்படும் மாதத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது, கூறு போடுவது. நாலைந்து வீடு சேர்ந்து ஆட்டை வாங்கி, அறுத்து, கறி, எலும்பு, ஈரல், குடல் என்று எல்லாம் கலந்து சம கூறாகப் பிரித்துக்கொள்வோம் இல்லையா? அதே போல ஆறு குடும்பமும் ஒரு தொகை போட்டு ஓர் இடத்தில் சமைத்துச் சாப்பிடுங்கள். அவரால் முடிந்தது 100 ரூபாய் என்றால் எல்லோருக்கும் 100 ரூபாய்தான். அந்தப் பணத்துக்கு என்ன வருமோ அதைச் சமையுங்கள். யார் வீட்டு விருந்து என்ற பேச்சே எழாது.

தகடூரை, அதாவது நம் தருமபுரியை, ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதில், சோறு கொஞ்சமாக இருந்த நாளிலும் பலருடைய கலத்தில் பகிர்ந்து உண்டான் என்று நினைத்து அழுகிறார். அரசனைப் பற்றிச் சொல்ல எத்தனையோ போர் இருந்தது, அந்த அம்மா சோற்றையும் நினைத்தார்.

ஓசூரிலிருந்து: எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் சிறுதானியத்துக்கு மாறிவிட்டார். நல்லதுதான். ஆனால் மற்றவர்கள் வெள்ளை அரிசிச் சோறு வைத்தால் இலையிலேயே பாடம் எடுக்கிறார். இப்போது யார் வீட்டுச் சாப்பாடு ஆரோக்கியம் என்பதே போட்டியாகிவிட்டது.

கேழ்வரகு நல்ல தானியம்தான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அது மிகக் குறைவு. ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான். சர்க்கரை நோய் உள்ளவர் கேழ்வரகுதானே என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், இலையில் வைத்து வேண்டாம்.

இன்னொன்று. இங்கே கேழ்வரகு கஷ்டப்பட்ட வீட்டுச் சாப்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது களி சாப்பிட்டவர்களை அரிசிச் சோறு சாப்பிட்டவர்கள் கீழாகப் பார்த்தார்கள். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று எல்லோர் வீட்டு டப்பாவிலும் அது இருக்கிறது. அன்று அரிசியை வைத்துக் களியைத் தாழ்த்தினார்கள், இன்று களியை வைத்து அரிசியைத் தாழ்த்துகிறோம். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

பர்கூரிலிருந்து: மாம்பழ சீசனில் ஆளுக்கொரு ரகம் கொண்டுவந்து, எங்கள் தோட்டத்துப் பழம்தான் ஒசத்தி என்று சண்டை.

எல்லாப் பழத்தையும் தோல் சீவி, துண்டு போட்டு, ஒரே தாம்பாளத்தில் கொட்டிவிடுங்கள். மல்கோவாவும் செந்தூராவும் கலந்து கிடந்தால் யார் தோட்டம் என்று யாருக்குத் தெரியும்? கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவைக்கூட நன்றாகப் பழுக்கவிட்டு அதில் சேருங்கள்.

சென்னையில் வசிக்கும் பென்னாகரத்துக்காரர்: கல்லூரி நண்பர்களை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போகிறேன். நானே சமைத்து அசத்த வேண்டும் என்று ஆசை.

தம்பி, அங்கே மீன் வாங்கிக் கொடுத்தால் மசாலா அரைத்து, குழம்பும் வறுவலும் செய்து, சோறும் வடித்துத் தரும் அம்மாக்கள் இருக்கிறார்கள். கூலி பேசி அவர்களிடம் கொடுத்துவிட்டு நண்பர்களோடு ஆற்றுக்குப் போ. இவ்வளவு தூரம் வந்து நீ அடுப்பு ஊதிக்கொண்டிருந்தால், அவர்கள் யாரைப் பார்க்க வந்தார்கள்?

ஊத்தங்கரையிலிருந்து: எனக்கு உங்கள் கருத்தில் முழு உடன்பாடு இல்லை. போட்டி இருந்ததால்தான் நான் நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். எல்லோரும் களியும் கீரையும் என்று இறங்கிவிட்டால் சமையல் எப்படி வளரும்?

நல்ல கேள்வி. ஒருவர் செய்ததைச் சாப்பிட்டு, நாமும் இப்படிச் செய்ய வேண்டும் என்று தோன்றுவது நல்ல விஷயம். நானும் அப்படித்தான் கற்றேன். அந்த ஆசை வந்ததும் என்ன செய்கிறோம் என்பதில்தான் பிரச்சினை. அவரிடமே போய்க் கேட்கிறோமா, அல்லது அவரைத் தாண்டிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்புகிறோமா?

போட்டி புகுந்த கூட்டத்தில் முதலில் நின்றுபோவது சொல்லிக்கொடுப்பதுதான். கல்யாண சமையலில் இதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். மசாலாவில் ஒரு பொருளைச் சொல்லாமல் விடுவார்கள், புளியின் அளவை மாற்றிச் சொல்வார்கள். நம் பக்கத்துப் புளி எவ்வளவு புளிப்பு என்று உங்களுக்கே தெரியும். ஒரு சுளை அளவு மாறினாலும் குழம்பு கெட்டுவிடும். கேட்டவர் அதே போல வைத்துப் பார்த்து, வரவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். சமையல் வளர வேண்டும் என்கிறீர்கள், இப்படி மறைத்தால் எங்கே வளரும்?

புதிதாகக் கற்றதை வீட்டில் சாதாரண நாளில் செய்து பாருங்கள். நன்றாக வந்தால் விருந்தன்று அந்த ஒரு பண்டத்தை மட்டும் வையுங்கள், கேட்பவரை அடுத்த முறை அடுப்படிக்கே கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் களியைச் சொன்னது எளிமைக்காக மட்டும் இல்லை. நன்றாகக் கிண்டிய களி கஷ்டமான வேலை. கற்றுக்கொள்ள அதிலேயே நிறைய இருக்கிறது.

தருமபுரியிலிருந்து: 15 பேருக்குக் களி விருந்து என்றால் அளவு சொல்லுங்கள் அக்கா.

பெரியவர்கள் 15 பேருக்குக் கேழ்வரகு மாவு ஒன்றரை கிலோ, நொய் 300 கிராம். மாவு ஒரு டம்ளர், நொய் கால் டம்ளர் என்றால் தண்ணீர் மூன்று டம்ளர் பக்கம் வரும். மாவு பழசானால் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அதனால் ஒரு சொம்பு வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கிண்ட வேண்டாம், இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கொள்ளு முக்கால் கிலோ. இரவே ஊறவைத்து, குக்கரில் நன்றாக வேகவிட்டு, தண்ணீரை இறுத்து ரசத்துக்கு எடுத்துவையுங்கள். வெந்த கொள்ளோடு வதக்கிய வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், சீரகம், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்துக் கடையுங்கள். மிக்ஸி என்றால் ஒரே சுற்று போதும். நாட்டுக்கோழி வேண்டும் என்றால் 3 கிலோ. அது வேக நேரமாகும், காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். களியை மட்டும் எல்லோரும் வந்து கை கழுவிய பிறகு கிண்டுங்கள்.