செம்பனை எண்ணெயின் (பாமாயிலின்) தரத்தை மரபணு வழியில் உயர்த்த முடியுமா?

முடியும். எந்தக் குணத்தை மாற்றப் பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. சிலவற்றுக்கு ஒரு தலைமுறை போதும், சிலவற்றுக்கு ஓர் ஆய்வாளரின் பணிக்காலமே போதாது.

கைக்கு எட்டுவது, ஆலைகளில் எஃப்.எஃப்.ஏ. என்று சொல்லும் தனிக் கொழுப்பு அமிலத்தைக் குறைப்பது. குலையை வெட்டி இறக்கும்போது பழம் நசுங்கும். சதையிலுள்ள லைபேஸ் நொதி உடனே எண்ணெயைப் பிளக்கத் தொடங்கும். அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் கச்சா எண்ணெய் வழக்கமான வணிகத் தரத்துக்குள் வராது. இந்த நொதி இயல்பாகவே குறைந்த மரங்கள் உண்டு. காரணமான மரபணு 2013-ல் அடையாளம் காணப்பட்டது. நொதியைக் குறைக்கும் அந்த மரபணு வடிவம் தாய், தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் பலன்.

சிக்கல் தந்தை மரத்தில். தோட்டங்களில் நடும் டெனெரா, தடித்த ஓடுள்ள டூராவுக்கும் ஓடில்லாத பிசிஃபெராவுக்கும் பிறந்த கலப்பு. தந்தையான பிசிஃபெரா பெரும்பாலும் காய்ப்பதில்லை. பழமே இல்லாத மரத்தில் எதை அளப்பது? முன்பு அதன் பிள்ளை மரங்கள் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது மரபணுவைச் சோதிக்க நாற்றங்காலிலேயே ஓர் இலைத்துண்டு போதும். ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவும் 2013-ல்தான் கிடைத்தது என்பதால், இரண்டையும் ஒரே இலைத்துண்டில் பார்த்துவிடலாம்.

கணக்கு இப்படி: இரு குணங்களுக்கும் கலப்பு நிலையிலுள்ள டெனெராக்களை ஒன்றோடொன்று கலந்தால், இரண்டும் தனித்தனியே பிரியும் பட்சத்தில், 16-க்கு 1 நாற்றுதான் குறைந்த லைபேஸ் பிசிஃபெரா. 95 சதவீத நிச்சயத்தோடு ஒன்றாவது கிடைக்க 47 நாற்றுகள் வேண்டும். ஒன்று மட்டும் கிடைத்து என்ன பயன்? விளைச்சலையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமே. 200-க்குக் குறையாமல் வளர்ப்பதே புத்திசாலித்தனம். இங்கே பெரும்பாலும் கெடுவது ஆய்வகத்தில் அல்ல, இலை சேகரிப்பில். பைக்கும் நாற்றுக்கும் எண் மாறிவிடும். பத்தில் ஒரு நாற்றிலாவது மறுபடி இலை எடுத்து ஒப்பிடுங்கள்.

காய்க்கும் மரங்களை நேரடியாகவும் சோதியுங்கள். நன்கு பழுத்த பழங்களை இரு பங்காக்கி, ஒன்றை உடனே வேகவைத்து நொதியைக் கொல்லுங்கள். மற்றதை நசுக்கி 5 டிகிரி குளிரில் 24 மணி நேரம் வையுங்கள். அந்தக் குளிரில் நுண்ணுயிர் அதிகம் பெருகாது, செம்பனையின் லைபேஸ் மட்டும் வேலை செய்யும். இரண்டிலும் எண்ணெய் எடுத்து சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்யுங்கள் (அமிலம் தீரும்வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது). பால்மிடிக் அமிலமாகக் கணக்கிட்டால் சதவீதம் = 25.6 × நார்மாலிட்டி (கரைசலின் செறிவு) × செலவான மி.லி. ÷ எண்ணெயின் கிராம். இரண்டு பங்குக்கும் உள்ள வித்தியாசம்தான் நொதியின் அளவு. அரைகுறையாகப் பழுத்த குலையை எடுத்தால் எல்லா மரமும் நல்ல மரமாகத் தெரியும்.

கொழுப்பமில விகிதம் வேறு கதை. ஆப்பிரிக்கச் செம்பனையில் நிறைவுற்ற கொழுப்பமிலமான பால்மிடிக் சுமார் 44, நிறைவுறாத ஒலியிக் சுமார் 39 சதவீதம். பல மரபணுக்கள் சேர்ந்து ஆளும் குணம் இது. இந்த இனத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்தால் சிறிதுதான் நகரும். பெரிய தாவலுக்கு அமெரிக்க இனமான ஒலிஃபெராவோடு கலக்க வேண்டும். கலப்பில் ஒலியிக் 50-ஐத் தாண்டும், கரோட்டினும் கூடும், மரம் மெதுவாக உயரும். கொலம்பியாவில் குருத்தழுகலுக்குத் தப்பிப்பதால் இதைப் பரவலாக நடுகிறார்கள். விலை என்னவென்றால், மகரந்தம் வீரியம் குறைந்தது. கையால் மகரந்தம் தூவவோ, நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம் தெளித்து விதையற்ற காய் பிடிக்க வைக்கவோ ஆள்கூலி ஆகும். ஆப்பிரிக்க இனத்தோடு திரும்பத் திரும்பக் கலந்தால் காய்ப்பு தேறும், ஆனால் ஒலியிக்கும் கூடவே கரையும். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் குறியீட்டு மரபணுச் சோதனையும், கொழுப்பமிலங்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பாய்வும் இல்லாமல் பின்கலப்பில் இறங்காதீர்கள்.

ஆள் பற்றாக்குறை உள்ள தோட்டத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது குறைந்த லைபேஸ்தான். அறுவடைச் சுற்றை ஓரிரு நாள் தள்ளிப்போட இடம் கிடைக்கும். வெட்டிய குலையை வாரக்கணக்கில் போட்டு வைக்க அது உரிமம் அல்ல. பூஞ்சைக்கும் சொந்த லைபேஸ் உண்டு.