டிரம்ப்–கிம் சந்திப்பு சாதனையா, கோமாளித்தனமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த சண்டையிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: வட கொரியாவின் கிம் ஜோங் உன்னை டிரம்ப் சந்தித்ததை ஒரு கட்சியினர் நோபல் பரிசுக்குரிய சாதனை என்கிறார்கள். மறு கட்சியினரோ, அணு ஆயுதப் பொத்தான் பக்கமே விடக்கூடாத ஒரு மனிதரின் விளையாட்டு என்கிறார்கள். ஒபாமாவின் ஈரான் ஒப்பந்தத்திலும் இதே சண்டைதான், கட்சிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. யார் சொல்வது சரி?

சந்திப்பு நடந்த சிங்கப்பூரில்தான் அந்த வாரம் நான் இருந்தேன். 2018 ஜூன். என் அலுவலகம் டாங்ளின் சாலைக்குப் பக்கத்தில். கிம் தங்கிய செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலுக்கும் டிரம்ப் தங்கிய ஷங்ரிலாவுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வட்டாரம். கூர்க்கா காவலர்கள் துப்பாக்கியோடு நிற்க, வழக்கமாகப் பத்து நிமிடத்தில் போகும் பஸ் எங்கெங்கோ சுற்றிப் போனது. உலக சமாதானத்தில் என் பங்கு, மூன்று நாள் தாமதமாக வேலைக்குப் போனது.

ஜூன் 11 இரவு கிம் ஊர் சுற்றப் புறப்பட்டார். கூடப் போனவர்கள் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனும் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யீ காங்கும். மூவர் முகமும் தெரிய எடுத்த செல்ஃபி சில நிமிடங்களில் எங்கும் பரவிவிட்டது. பாலகிருஷ்ணனுடைய தந்தை தமிழர், தாய் சீனர். என் அம்மாவுக்கு அது போதும். "பார், நம்ம பாலகிருஷ்ணன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். சண்டை அங்கேதான் தொடங்கியது.

பெரியப்பா மகன் டெக்ஸாஸில் இருபது வருடமாக இருக்கிறார், குடியரசுக் கட்சி. சித்தி மகள் கலிஃபோர்னியாவில், ஜனநாயகக் கட்சி. "எந்த அதிபருக்கும் வராத துணிச்சல். எதிரியோடு நேரில் உட்கார்ந்து பேசுவதுதான் ராஜதந்திரம்" என்று அண்ணன் எழுதினார். "ஒரு சர்வாதிகாரிக்கு இலவசமாக மாலை போட்டு உட்கார வைத்திருக்கிறார். இந்த மனிதருக்கு என்ன தெரியும்?" என்று தங்கை எழுதினாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பழைய செய்திகளைத் தேடுவது. 2015 ஜூலையில் வியன்னாவில் ஈரான் ஒப்பந்தம் முடிவானபோது இதே குழுவில் இதே இருவரும் எழுதியவை அப்படியே கிடைத்தன. எதிரியோடு பேச்சா, சர்வாதிகாரிகளுக்கு அங்கீகாரமா, இந்த ஆளுக்கு உலகம் தெரியாது என்று அப்போது எழுதியவர் அண்ணன். எதிரியோடு பேசுவதுதான் துணிச்சல் என்றவள் தங்கை. ஒபாமா என்ற இடத்தில் டிரம்ப் என்றும், ஈரான் என்ற இடத்தில் வட கொரியா என்றும் மாற்றி, இருவருக்கும் அவரவர் செய்தியையே தனித்தனியாக அனுப்பினேன். இரண்டு நாள் இருவருமே பதில் போடவில்லை. என் மேல் கோபத்தில் மட்டும் ஒன்றுபட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கூத்து இல்லை இது. 2007 ஜூலையில், ஒபாமா அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்தபோது, ஒரு விவாதமேடையில் அவரிடம் கேட்டார்கள்: ஈரான், சிரியா, வெனிசுவேலா, கியூபா, வட கொரியா ஆகிய நாடுகளின் தலைவர்களை முன்நிபந்தனை இல்லாமல் சந்திப்பீர்களா? சந்திப்பேன் என்றார். அவருடைய கட்சியைச் சேர்ந்த ஹிலாரி கிளின்டனே அதைப் பொறுப்பற்ற, விவரமறியாத பேச்சு என்றார். அடுத்த ஆண்டு முழுவதும் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கெய்ன் அதே பதிலை வைத்து அடித்தார். பதினொரு வருடம் கழித்து அதைச் செய்தவர் தங்கள் கட்சிக்காரர் என்றவுடன் அந்தக் கட்சியில் பலருக்கு அது தைரியமாகத் தெரிந்தது. பேச்சுவார்த்தையை ஆதரித்துவந்த பல ஜனநாயகக் கட்சியினருக்கு அது வெறும் புகைப்படக் கூத்தாகத் தெரிந்தது.

ஆகவே "அதிபருக்குத் திறமை உண்டா" என்று கட்சிக்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை. மருத்துவர்களிடம் கேட்டாலும் வம்புதான். 1964 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் கையில் அணுகுண்டு போனால் உலகம் என்ன ஆகும் என்று ஒரு பயம் கிளப்பப்பட்டது. அமெரிக்காவின் மனநல மருத்துவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரு பத்திரிகை கேள்வித்தாள் அனுப்பியது. பதில் எழுதிய 2,417 பேரில் 1,189 பேர், அவர் அதிபராக இருக்கத் தகுதியற்றவர் என்றார்கள். அவரைப் பரிசோதிக்காமலே! கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காத பொது மனிதரைப் பற்றி மனநலக் கருத்துச் சொல்லக்கூடாது என்று 1973இல் அந்த மருத்துவர்களின் சங்கமே விதி வகுத்தது. டிரம்ப் காலத்தில் அந்த விதியை மீறலாமா என்று மறுபடி பட்டிமன்றம். 2018 ஜனவரியில் தன் பொத்தான் கிம்முடையதைவிடப் பெரியது என்று அவர் ட்விட்டரில் எழுதினார். அதே வாரத்தில் தன்னை மிகவும் நிலையான மேதை என்றும் எழுதிக்கொண்டார். பட்டிமன்றத்துக்குத் தீனி போட்டவர் அவரேதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கேள்விக்கு என் மனதில் நிற்கும் பதில் டிரம்பும் இல்லை, ஒபாமாவும் இல்லை. 1980களில் அதிபராக இருந்த ரீகன்.

1987 பிப்ரவரி கடைசி. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் வெள்ளை மாளிகை நாறிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலர் டொனால்ட் ரீகன் (பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலித்தாலும் அதிபருக்கு உறவில்லை) விலக, ஹோவர்ட் பேக்கர் அந்த இடத்துக்கு வந்தார். பொறுப்பேற்குமுன் நிலைமையைப் பார்த்துவரும்படி ஜேம்ஸ் கேனன் என்பவரை அனுப்பினார். அங்கிருந்த ஊழியர்கள் சொன்னதைக் கேட்டுக் கேனன் அரண்டுபோனார். அதிபருக்கு வேலையில் நாட்டமில்லை, மாடியில் சினிமாவும் தொலைக்காட்சியும் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார், கோப்புகளில் அவருடைய சுருக்கொப்பத்தை மற்றவர்கள் போடுகிறார்கள். அதிபர் கடமையாற்ற இயலாதவர் என்று துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பான்மையினரும் சேர்ந்து அறிவிக்க வழி செய்யும் 25ஆவது சட்டத் திருத்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். எழுதியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், அதிபரின் சொந்த அணிக்குப் புதிதாக வந்தவர். மார்ச் 2ஆம் தேதி பேக்கரின் ஆட்கள் ஒரு மதிய உணவில் ரீகனைக் கூர்ந்து கவனித்தார்கள். மனிதர் கலகலப்பாக, தெளிவாக இருந்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அதே 1987, டிசம்பர் 8. அதே ரீகன் சோவியத் தலைவர் கோர்பச்சேவுடன் உட்கார்ந்து நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகள் ஒரு வகை முழுவதுமாக ஒழிந்தன. மொத்தம் 2,692. அதில் சோவியத் பங்கு 1,846, அமெரிக்கப் பங்கு 846. எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பானது சோதனை ஏற்பாடு. சோவியத் நாட்டின் வோட்கின்ஸ்க் தொழிற்சாலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் குடியிருந்தார்கள், யூட்டா மாநிலத்தின் மாக்னாவில் சோவியத் ஆய்வாளர்கள் குடியிருந்தார்கள். "நம்பு, ஆனால் சரிபார்" என்ற ரஷ்யப் பழமொழியை ரீகன் அன்றும் சொன்னார். ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே சொல்கிறீர்களே என்று கோர்பச்சேவ் கேட்க, அறை சிரித்தது.

அப்போது கட்சிகள் என்ன சொல்லின? ஜனநாயகக் கட்சியின் மூத்தவர் கிளார்க் கிளிஃபோர்ட் ரீகனை இனிமையான மண்டு என்று முன்பே வர்ணித்திருந்தார். வேடிக்கை வலதுசாரிகளிடம்தான். ஹோவர்ட் பிலிப்ஸ் என்ற பழமைவாதத் தலைவர், ரீகன் சோவியத் பிரசாரத்துக்குப் பயன்படும் முட்டாள் ஆகிவிட்டார் என்று எழுதினார். ஹிட்லரிடம் ஏமாந்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினோடு அவரை ஒப்பிட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. முன்னாள் அதிபர் நிக்சனும் அவருடைய வெளியுறவு அமைச்சராக இருந்த கிஸ்ஸிங்கரும்கூடச் சேர்ந்து கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். ஓராண்டுக்கு முன் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் ரீகனும் கோர்பச்சேவும் சந்தித்தபோது எல்லா அணு ஆயுதத்தையும் ஒழித்துவிடலாம் என்ற எல்லைவரை பேச்சு போய், ரீகனின் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தில் வந்து முட்டி உடைந்திருந்தது. அப்போதிருந்தே வலதுசாரிகளுக்கு வயிற்றில் புளி கரைத்துக்கொண்டிருந்தது. இடதுபுறமிருந்தும் வலதுபுறமிருந்தும் எதிரெதிர்க் காரணத்துக்காக ஒரே பட்டம்: புத்தி போதாது. ஆனால் 1988 மே மாதம் செனட் சபையில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 93, எதிர்ப்பு 5. எதிர்த்தவர்களில் நால்வர் ரீகனின் கட்சிக்காரர்கள்.

அதனால்தான் நான் ஆளைப் பார்ப்பதை விட்டுத் தாளைப் பார்க்கத் தொடங்கினேன். தாளில் என்ன இருக்கிறது, அதை யார் போய்ச் சரிபார்ப்பார்கள், கையெழுத்திட்டவர் வீட்டுக்குப் போனபிறகு அது நிற்குமா.

ஈரான் ஒப்பந்தம் இணைப்புகளோடு 159 பக்கம். யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டக்கூடாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக்கூடாது, சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் உள்ளே வரலாம் என்று வரிக்கு வரி எழுதப்பட்டது. தாளளவில் அருமையான வேலை, என் கணக்கில் அந்த அணிக்கு முதல் மதிப்பெண். ஆனால் மூன்றாவது கேள்வியில் தோற்றது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காது என்று தெரிந்ததால் ஒபாமா அதை உடன்படிக்கையாக அங்கே கொண்டுபோகவே இல்லை. ஒப்பந்தம் முடிவாகுமுன்பே, 2015 மார்ச்சில், குடியரசுக் கட்சியின் 47 செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: அடுத்த அதிபர் இதை ஒரு பேனாக் கீறலில் ரத்து செய்துவிடலாம். மிரட்டல் மாதிரி இருந்தது, ஆனால் ஜோசியமாகப் பலித்தது. 2018 மே 8இல் டிரம்ப் விலகினார். 2021இல் ஈரான் 60 சதவீதம் வரை செறிவூட்டிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் தங்கைக்குக் கோபம் வரும், தடுத்தது அவர்கள், பழி ஒபாமாவுக்கா என்பாள். பழி போடவில்லை. மணலில் கட்டினால் மணல் யாருடையது என்பது பிறகு வரும் கேள்வி. தவிர ஷூமர் உட்பட நான்கு ஜனநாயகக் கட்சி செனட்டர்களும் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார்கள் என்பதை அவள் வசதியாக மறந்துவிடுவாள்.

ஈரான் ஒப்பந்தத்தைக் கிழித்து ஐந்து வாரம் கழித்துத்தான் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் கிம்முடன் கைகுலுக்கல். நீங்கள் கிம் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எதிரே இருப்பவர், முந்தைய அதிபர் எழுதிக்கொடுத்ததைப் போன மாதம்தான் குப்பையில் போட்டவர். கேப்பெல்லா ஹோட்டலில் கையெழுத்தான அறிக்கையில் நான்கே அம்சங்கள். புதிய உறவு, நிலையான அமைதி, கொரியத் தீபகற்பத்தில் முழுமையான அணு ஆயுத ஒழிப்பை நோக்கி உழைப்பது, பழைய கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எச்சங்களை மீட்பது. காலக்கெடு, எண்ணிக்கை, ஆய்வாளர் எதுவும் கிடையாது. தனக்குப் பெரிதாகத் தயாரிப்புத் தேவையில்லை, மனப்பாங்குதான் முக்கியம் என்று டிரம்ப் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார். தாளைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. மறுநாளே வட கொரியாவிடமிருந்து இனி அணு ஆபத்து இல்லை என்று அறிவித்தார். எட்டு மாதம் கழித்து ஹனோயில் மதிய உணவு மேஜை போட்டது போட்டபடி இருக்க, இருவரும் எழுந்து போனார்கள்.

அண்ணனுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் வட கொரியா ஆறாவது அணுகுண்டுச் சோதனை நடத்தியது. டிரம்ப் நெருப்பும் சீற்றமும் பொழியும் என்று மிரட்டியதும் அந்த ஆண்டுதான். அந்த நிலையிலிருந்து பேச்சு மேஜைக்கு வந்தது சிறிய விஷயமல்ல. 2018 ஜூலையில் வீரர்களின் எச்சங்கள் 55 பெட்டிகளில் திரும்பி வந்தன, அந்தக் குடும்பங்களுக்கு அது கூத்து இல்லை. சந்தித்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன், கையில் ஒன்றுமில்லாமல் சந்தித்தது தவறு. 2019 மே மாதத்திலேயே குறுகிய தூர ஏவுகணைகள் மறுபடி கிளம்பின, 2022இல் கண்டம் விட்டுக் கண்டம் பாய்பவையும்.

ரீகன் ஒப்பந்தமும் சாசுவதமாக நிற்கவில்லை. ரஷ்யா மீறுவதாகக் குற்றம்சாட்டி டிரம்ப் விலக, 2019 ஆகஸ்டில் அது முடிந்தது. இருந்தாலும் முப்பத்தோரு வருடம் ஓடியது. உடைத்து நொறுக்கிய ஏவுகணைகள் திரும்பி வரவில்லை.

உச்சிமாநாட்டின் நினைவாகச் சிங்கப்பூர் நாணயச் சாலை பதக்கங்கள் வெளியிட்டது. ஒரு பக்கம் கைகுலுக்கல், மறுபக்கம் ஒலிவ இலையோடு புறா. நிக்கல் பூசியது 36 வெள்ளி. கோபத்தைத் தணிக்க அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆளுக்கொன்று வாங்கிவைத்தேன். ஹனோய் முடிந்த மறுவாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் மூவரும் சந்தித்தோம். தங்கை சிரித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாலையில் மண்டபத்துப் பின்கட்டில் பிள்ளைகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டிரைக்கர் தொலைந்துவிட்டதாம். புறா மேலே பார்க்க, அண்ணனுடைய பதக்கம் பலகையில் போய்க்கொண்டிருந்தது.