களைப்பும் மூளை வேதியியலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. நாள்பட்ட களைப்பு நோய்க்கு மூளையில் காரணம் தேடுகிறார்களே, அப்படியென்றால் இது மனப்பிரமையா?

பதில்: பார்க்கின்சன் நோயில், மூளை நரம்புகள் செய்தி கடத்த உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் குறைகிறது. அதை யாரும் பிரமை என்பதில்லையே! வழக்கமான ரத்தப் பரிசோதனை தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றை விலக்குவதற்குத்தான்; இந்நோயை அது தேடுவதே இல்லை.

கேள்வி: மூளையில் என்னதான் கண்டார்கள்?

பதில்: அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2024இல் வெளியானது. தொற்றுக்குப் பின் இந்நோய் வந்த 17 பேரை நலமாக உள்ள 21 பேரோடு ஒப்பிட்டார்கள். கீழ்முதுகில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த தெளிந்த நீரைச் சிறிது எடுத்தார்கள். டோபமைனும், அதைப் போலவே செய்தி கடத்தும் நார்அட்ரினலினும் சிதைந்தபின் மிஞ்சும் பொருள்கள் நோயாளிகளிடம் குறைவாக இருந்தன. சாம்பலைப் பார்த்து அடுப்பு எவ்வளவு எரிந்தது என்று கணிப்பதைப் போன்றது இது. கணிப்பு நியாயமானதுதான். ஆனால் 17 பேரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத நான் துணியமாட்டேன். தவிர, இந்தக் குறைவு நோயின் காரணமா, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததன் விளைவா என்பதும் தீரவில்லை.

ஊசியில்லாத வழியும் உண்டு. எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டே மூளைக்குள் இருக்கும் வேதிப்பொருள்களை அளக்கலாம். அப்படி அளந்த சில ஆய்வுகளில், உயிரணுக்கள் சர்க்கரையைச் சக்தியாக்கும்போது உண்டாகும் லாக்டேட் கூடுதலாக இருந்தது. ஆனால் மனச்சோர்வு நோயிலும் அது கூடுகிறது. ஆக, இதை மட்டும் வைத்து நோயைப் பிரித்தறிய முடியாது.

கேள்வி: டோபமைனை மாத்திரையாகவே விழுங்கினால் என்ன?

பதில்: டோபமைன் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. மூளைக்குள் நுழைந்து அங்கே டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மருந்தைப் பார்க்கின்சனுக்குக் கொடுப்பது அதனால்தான். அதை இந்நோய்க்குச் சொந்தமாக முயன்று பார்க்க வேண்டாம். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை.

கேள்வி: கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் உறவினர்.

பதில்: உறவினருக்கு நல்ல மனது, யோசனைதான் பழையது. இந்நோயாளி தலைக்குக் குளித்துவிட்டு, உட்கார்ந்து தலை துவட்டி, அன்று சமாளித்துவிடுவார். அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது. முயற்சிக்குப் பின் தாமதமாக வரும் இந்தச் சரிவுதான் நோயின் முத்திரை. படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் வழிகாட்டுதலையே மாற்றிவிட்டது.

கேள்வி: நானும் அந்த முதுகு ஊசிப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா?

பதில்: இந்த நோய்க்காக வேண்டாம். எந்த அளவுக்குக் கீழே போனால் நோய் என்று யாரும் வகுக்கவில்லை. சிலருக்கு நாள்கணக்கில் தலைவலிதான் மிஞ்சும்.