ஒரே பெட்டிக்குள் எல்லாத் தலைமுறையும்

அன்புள்ள ஐயா,

பழைய பொம்மைகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மைகள், ஒரு செல்லுலாய்டு பாப்பா, உலோகக் கார்கள், வினைல் பொம்மைகள், லெகோ கட்டைகள், பேட்டரி விளையாட்டுக் கருவிகள் என எல்லாத் தலைமுறையும் என்னிடம் உண்டு. ஒரே பொம்மை காலத்துக்குக் காலம் முகம் மாறி வரும்போது எதை அசல் என்று கொள்வது? என் பார்பியின் இடுப்புக்குக் கீழே 1966 என்று இருக்கிறது. அந்த ஆண்டுப் பொம்மைதானே அது? தலைமுறை வாரியாக அடுக்குவதா, நிறுவனம் வாரியாகவா? இவற்றின் விலை இனி ஏறுமா? தூசு படக்கூடாது என்று ஒவ்வொன்றையும் பாலித்தீன் உறையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, ஒரே டிரங்குப் பெட்டியில் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். வினைல் பொம்மைகள் மட்டும் அண்மைக்காலமாகப் பிசுபிசுக்கின்றன. பவுடர் தூவி வைத்தேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்த மூன்று வரிகள்தான் என்னை எழுத வைத்தன. பொம்மைகளின் தலைமுறை என்று எதைச் சொல்கிறோம் என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் டிரங்குப் பெட்டி அதற்கு விடையாக வந்து நிற்கிறது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். 1966 என்பது அந்த உடலமைப்புக்கு உரிமை பதிந்த ஆண்டு. 1990களில் விற்ற பார்பிகளிலும் அதே முத்திரை உண்டு. உலோகக் கார்களின் அடித்தகட்டில் இருக்கும் ஆண்டும் அப்படித்தான். அந்த வடிவம் எப்போது உருவானது என்பதைச் சொல்லும், உங்கள் கார் எப்போது வார்க்கப்பட்டது என்பதைச் சொல்லாது. முக அச்சு, முடி நட்ட விதம், தயாரித்த நாட்டின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் காலம் குறிக்க வேண்டும். எது அசல் என்று அலைய வேண்டாம். உங்கள் சின்ன வயதில் கையில் இருந்தது எதுவோ அதை அசல் என்று வைத்துக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. விலையைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

அடுக்கும் முறைக்கு வருகிறேன். லெகோ கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் வந்த பிடிப்பு முறை இன்றும் மாறவில்லை; அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். வடிவத்தை மட்டும் பார்த்தால் அதில் தலைமுறையே கிடையாது. ஆனால் 1963 வாக்கில் அது செல்லுலோஸ் அசிட்டேட்டிலிருந்து ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு மாறியது. முன்னது வருடம் போகப் போக வளைந்து முறுக்கிக்கொள்ளும், கெட ஆரம்பித்தால் காடி வாடை வீசும். பின்னது வளையாது, வெயில் பட்டால் மஞ்சளாகும். நிறமும் அளவும் ஒன்றுபோல இருக்கும் இரண்டு கட்டைகளுக்கு வருகிற நோய் வேறு, வேண்டிய பராமரிப்பு வேறு. சேகரிப்பவருக்குத் தலைமுறை என்றால் அது மூலப்பொருள்தான். அதன்படிதான் பிரிக்க வேண்டும். நிறுவனப் பெயரையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கண்ணோடு உங்கள் பெட்டியைப் பாருங்கள். செல்லுலாய்டு என்பது நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. கெடும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது நைட்ரிக் அமிலமாகும். மூடிய உறைக்குள் அந்த அமிலம் தான் பிறந்த பொம்மையையே இன்னும் வேகமாகத் தின்னும். உறையைத் தாண்டிக் கசிந்தால் பக்கத்தில் இருக்கிற தகரப் பொம்மை துருப்பிடிக்கும். இத்தனை ஆசையாகச் சேர்த்தவற்றை ஒன்றையொன்று அரிக்கும்படி பூட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பாப்பாவை இன்றே வெளியே எடுத்து, அமிலமில்லாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் தனியாகக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் அது. அடுப்பு, விளக்கு, வெயில் எதுவும் அருகில் ஆகாது. பரண் கூடவே கூடாது. செல்லுலாய்டுதானா என்று சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் பத்து விநாடி தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வரும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

வினைலுக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம். இங்கேதான் உங்களிடம் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வினைல் என்று நாம் சொல்வது பி.வி.சி. பிளாஸ்டிக்கைத்தான். மென்மையான பி.வி.சி. பொம்மையின் எடையில் மூன்றில் ஒரு பங்குவரைகூட பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய் போன்ற திரவம் இருக்கலாம். பொம்மையின் கன்னம் அமுக்கினால் குழிவது அதனால்தான். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைந்திருப்பதில்லை, இடையிடையே புகுந்து நிற்கிறது, அவ்வளவுதான். வெப்பம் ஏற ஏற மேல்பரப்புக்கு வரும். நீங்கள் தொட்டுணர்ந்த பிசுபிசுப்பு அதுதான், அழுக்கு அல்ல. அதன்மேல் பவுடர் தூவினால் என்ன ஆகும்? பவுடர் எண்ணெயை உறிஞ்சும். மேற்பரப்பு காய்ந்ததும் உள்ளேயிருந்து இன்னும் கொஞ்சம் வரும். மறுபடி தூவுவீர்கள், மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் பொம்மை கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் விறைத்து, கடைசியில் விரிசல் விடும். பாலித்தீன் உறையும் இதே காரியத்தைச் சத்தமில்லாமல் செய்கிறது, ஏனென்றால் பாலித்தீனும் அந்தத் திரவத்தை உறிஞ்சும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. காற்றுப் புகாத கண்ணாடிக் கலத்தில் வைத்தால் இழப்பு மெதுவாகும், பாலித்தீன் பையில் வைத்தால் கூடும்.

ஆகவே: வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி, ஒரு ஜாடிக்கு ஒரு பொம்மை. துணியை, முக்கியமாக அடர்சாயத் துணியை, கழற்றித் தனியே வையுங்கள். சாயம் வினைலுக்குள் இறங்கினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. ஏற்கெனவே இருக்கும் பிசுபிசுப்பைக் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு மிதமான சோப்பு கலந்து, மென்துணியை நனைத்துப் பிழிந்து, தட்டித் தட்டி ஒற்றி எடுக்கலாம். முடிக்குள்ளும் கை கால் மூட்டுக்குள்ளும் நீர் இறங்கக்கூடாது. ஆல்கஹால், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி மூன்றும் விலக்கு. அவை உள்ளே இருக்கிற திரவத்தையும் சேர்த்து இழுத்துவிடும். பேனா மைக் கறைக்குப் பென்சாயில் பெராக்சைடு கலந்த முகப்பருக் களிம்பைத் தடவுகிறார்கள். கறை போகும், உண்மைதான். கூடவே அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தும் போகும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அதைச் செய்யாதீர்கள். பழைய பார்பியின் காதில் பச்சை படர்ந்திருந்தால் அது உலோகத் தோட்டிலுள்ள செம்பின் வேலை. தோட்டைக் கழற்றி வைத்தால் பரவுவது குறையும்.

வினைல் தன்னோடு நிற்பதில்லை. உலோகக் காரின் மென்மையான டயர் அதே பி.வி.சி.யாக இருந்தால், அது தொட்டு நிற்கும் பாலிஸ்டைரீன் காட்சிப்பெட்டியைக் கரைத்து, டயர் தடத்தை அப்படியே பள்ளமாகப் பதித்துவிடும். அடித்தகட்டுக்குக் கீழே ஒரு சின்ன முட்டுக் கொடுத்துச் சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் டயருக்கடியில் பாலியெஸ்டர் தாள் ஒரு துண்டு வையுங்கள்.

மற்றவற்றுக்கு இவ்வளவு பாடு இல்லை. தகரப் பொம்மையில் துரு தொடங்குவது கீறலிலும் தகடு மடித்த விளிம்பிலும்தான். நீரே படக்கூடாது; உலர்ந்த தூரிகையால் துடைத்து, நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த உலோகக் காரில் சாயத்துக்கடியில் மயிரிழை வெடிப்பும் உப்பலும் தெரிந்தால் அது வார்ப்பு உலோகத்தில் ஈயம் கலந்ததால் வந்த உள்நோய். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களில் அதிகம். மருந்து கிடையாது, பக்கத்துக் காருக்குத் தொற்றவும் தொற்றாது. ஈரமும் சூடும் குறைந்தால் மெதுவாகும். மஞ்சளான ஏ.பி.எஸ். கட்டையை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயில் காட்டி வெளுக்க வைக்கலாம், ஆனால் மஞ்சள் பெரும்பாலும் திரும்பி வரும்.

பேட்டரிக் கருவிகளுக்குள் பேட்டரி இன்னும் இருக்கிறதா? நீங்கள் சொல்லவே இல்லை. இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்த வெள்ளைப் படிவம் காரம். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டு நீக்கி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். பழைய கார்பன்-துத்தநாகப் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை கொண்டது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். வினிகரை எல்லாவற்றுக்கும் ஊற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கருவியைக் கெடுக்கிறார்கள்.

இத்தனை ஆண்டு இவற்றைக் காத்து வைத்தவர் நீங்கள், அந்த அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனவே பரணிலிருந்து பெட்டியை இறக்கியதும் அவசரப்படாதீர்கள். ரப்பர் பேண்டுகள் இந்நேரம் இளகியோ இறுகியோ பொம்மைகளோடு ஒட்டியிருக்கும். இழுத்துக் கழற்றினால் சாயமும் உரிந்து வரும். கத்தரியால் ஒட்டாத பக்கத்தில் நறுக்கி, ஒட்டிய துண்டை மழுங்கிய மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள்.