முட்டையைத் தாண்டி: ஒரு தட்டில் கல்லறைத் தோட்டம்

கேள்வி: மகளுக்கு 4 வயது, மகனுக்கு 7. ஈஸ்டர் என்றால் இருவருக்கும் முட்டையும் சாக்லேட்டும்தான். இயேசுவின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் பயமுறுத்தாமல், கையால் செய்யவைத்து எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: நாளுக்கொரு கைவேலை வேண்டாம், ஒரே தோட்டத்தை ஒரு வாரம் வளர்த்தால் போதும். சிலுவையில் அறைந்த இடத்தருகே ஒரு தோட்டமும் அதில் புதிய கல்லறையும் இருந்ததாக யோவான் 19:41 சொல்கிறது. அதைத்தான் தட்டில் அமைக்கப்போகிறோம்.

ஓரடி நீளமுள்ள, அடியில் துளையிட்ட தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்கு மண் நிரப்புங்கள். சிறிய மண்தொட்டி ஒன்றைப் படுக்கவைத்து, வாய் மட்டும் தெரியும்படி மண்ணால் மூடுங்கள். காகிதக் கோப்பை கூடாது, மூன்றாம் நாளே ஊறி அமுங்கிவிடும். தொட்டி வாயைவிடச் சற்றுப் பெரிய தட்டைக் கல் ஒன்றையும் தேடி எடுங்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு வரும் ஞாயிறு) முந்தைய இரவு இரண்டு தேக்கரண்டி கடுகை ஊறவைத்து, மறுநாள் குழந்தைகளை விட்டே தூவச் சொல்லுங்கள். புதைக்க வேண்டாம், உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். தண்ணீரை ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிப் பூஞ்சை பிடிக்கும். காலையும் மாலையும் தெளிப்பானால் நனையுங்கள். முளை தெரிந்ததும் வெளிச்சத்தில் வையுங்கள், இல்லையென்றால் தண்டு நீண்டு சாயும். இரண்டு வாரம் முன்பே விதைக்கும் ஆர்வக்கோளாறும் வேண்டாம். ஈஸ்டரன்று வாடிய செடிதான் மிஞ்சும்.

பெரிய வெள்ளியன்று குச்சிகளை நூலால் கட்டி மூன்று சிலுவைகளை நடுங்கள். சின்ன மரப்பொம்மை ஒன்றை வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தையே உள்ளே வைத்துக் கல்லால் மூடட்டும். இங்கே வார்த்தையில் கவனம் தேவை. "தூங்கிவிட்டார்" என்றால் 4 வயதுக் குழந்தை இரவில் தூங்கவே பயப்படலாம். "இறந்துவிட்டார்" என்றே சொல்லுங்கள். "உன் பாவத்தால் இறந்தார்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், காலையில் தங்கையை அடித்ததால்தான் இது நடந்தது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். "நம் எல்லோர் மேலும் வைத்த அன்பினால் உயிரைக் கொடுத்தார்" என்பதிலிருந்து தொடங்குங்கள்.

சனிக்கிழமை ஒன்றும் செய்யாதீர்கள். "எப்போது திறப்போம்?" என்று நச்சரிப்பார்கள், அந்தக் காத்திருப்பும் பாடம்தான். வேண்டுமானால் பட்டை, கிராம்பைத் துணியில் முடிந்து மோந்து பார்க்கக் கொடுத்து, இயேசுவின் உடலில் பூசப் பெண்கள் சுகந்தவர்க்கம் (நறுமணப் பொருட்கள்) கொண்டுபோனதைச் சொல்லலாம்.

ஞாயிறு விடியுமுன் நீங்கள் எழுந்து, கல்லை ஓரமாக நகர்த்தி, பொம்மையை எடுத்துவிட்டு, துணியை மட்டும் உள்ளே வையுங்கள். குழந்தை வரும்போது கல்லறை ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். "கல்லை யார் புரட்டுவார்?" என்று கவலைப்பட்டபடி வந்த பெண்களும் அப்படித்தான் கண்டார்கள் (மாற்கு 16:3-4).

"நீங்கதானே எடுத்தீங்க?" என்று மகன் கேட்பான். மழுப்பாமல், "ஆமாம், பொம்மையை நான்தான் எடுத்தேன். நாம கதையை நடிச்சுப் பார்க்கிறோம். இயேசுவை யாரும் எடுக்கலை, அவர் உயிரோட எழுந்தார்" என்று சொல்லுங்கள். கல்லறைக்கு வந்த பெண்களில் ஒருத்தியான மகதலேனா மரியாளும் முதலில் யாரோ எடுத்துப்போனதாகத்தானே நினைத்தாள்! விரல்விட்டு எண்ணி, "மூன்றாம் நாள் எழுந்தார்னு சொல்றீங்க, வெள்ளியிலிருந்து ஞாயிறு இரண்டு நாள்தானே?" என்றும் மடக்கலாம். யூதர்கள் நாளின் ஒரு பகுதியையும் முழு நாளாக எண்ணினார்கள்; அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள்.

முட்டையை ஒதுக்க வேண்டியதில்லை. முட்டையின் ஓட்டைக் கல்லறையோடு ஒப்பிடுவது மகனுக்குப் புரியும். மகளோ இயேசு முட்டைக்குள் இருந்தார் என்றே எடுத்துக்கொள்வாள். அவளுக்கு அதை இரண்டு வருடம் கழித்துச் சொல்லலாம்.