அரபு எழுத்தில் அச்சான 'கசாக்' என்னும் கசாக் மொழிப் பழைய இதழில் சில சொற்களுக்கு முன் ஹம்சா (ء என்னும் சிறு குறி) இல்லாதது அச்சுப்பிழையா?
அச்சுப்பிழை அன்று. 'கியுன்' (சூரியன்) போன்ற முன்னுயிர்ச் சொற்களில் (நாக்கை முன்னே கொண்டுவந்து ஒலிக்கும் உயிர்கள் உள்ள சொற்களில்) ஹம்சா காணப்படாததற்குக் காரணம், கசாக் மொழியியலாளர் அகமது பைத்துர்சினுலி 1912-இல் சீர்திருத்திய அரபு எழுத்துமுறையின் விதியே ஆகும்.

கசாக் மொழியின் முன்னுயிர், பின்னுயிர் (நாக்கைப் பின்னே இழுத்து ஒலிக்கும் உயிர்) இணைகளுக்குத் தனித்தனி எழுத்து வைக்காமல், ஒவ்வோர் இணைக்கும் ஒரே எழுத்தை அமைத்து, முன்னுயிர்ச் சொல் என்பதைச் சொல்லின் தொடக்கத்தில் இடும் ஒரு ஹம்சாவால் அவர் காட்டினார். உயிரிசைவு (ஒரு சொல்லின் உயிர்கள் எல்லாம் முன்னுயிராகவோ பின்னுயிராகவோ ஒரே வகையாக அமைவது) உள்ள மொழியில் ஒரு சொல்லுக்கு ஒரு குறி போதும் என்று கண்டது, என் மதிப்பில், அவருடைய ஒலியியல் நுட்பத்தின் உச்சம். மெல்லண்ணக் ககரத்தின் இரு எழுத்துகளும் (ஒலிப்புடைய g, ஒலிப்பிலாத k) எகரமும் முன்னுயிர்ச் சொற்களிலேயே வருவதால், அவை உள்ள சொல்லுக்கு ஹம்சா தேவைப்படுவதில்லை.

சரிபார்க்க, ஹம்சா இல்லாத சொற்களை மட்டும் தனியே எழுதிக்கொண்டு, அவற்றில் இம்மூன்று எழுத்துகளுள் ஒன்றேனும் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் முன்னுயிராகவும், இல்லையென்றால் பின்னுயிராகவும் படியுங்கள். 'தில்' (நாக்கு) என்பதில் இவை எதுவும் இல்லாததால் ஹம்சா கட்டாயம் வரும். அதை நீக்கினால் அது 'பின்புறம்' என்னும் பொருளுடைய வேறு சொல்லாகிவிடும்.

அரபு, பாரசீக, ரஷ்யக் கடன்சொற்களிலும் ஆட்பெயர்களிலும் உயிரிசைவு குலையக்கூடும் என்பதால், அங்கே இவ்விதியை மட்டும் நம்ப வேண்டாம். 1912-க்கு முந்தைய நூல்களுக்கும் இது பொருந்தாது. ஐயம் தீராத சொற்களுக்கு, 1940-இல் வந்த சிரிலிக் (ரஷ்ய வகை) எழுத்தில் அதே கட்டுரையின் மறுபதிப்பு இருந்தால் ஒப்பிடுங்கள். அதில் இரு வகை உயிர்களுக்கும் தனி எழுத்துகள் உண்டு.